பன்னிரண்டு பேரா, ஒருவரா?

பிள்ளைகளே! வகுப்பு ஜன்னல் கண்ணாடி உடைந்துவிட்டது. பழி உங்கள் மேல் விழுகிறது. உங்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல யார் வேண்டும்? தலைமை ஆசிரியரா? அல்லது வேறு வகுப்புகளிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுத்த பன்னிரண்டு மாணவர்களா?

அமெரிக்காவில் பெரிய குற்ற வழக்குகளில் சிக்குபவர்களுக்கு இப்படி ஒரு கேள்வி உண்மையாகவே வருகிறது. அந்நாட்டு அரசியல் சட்டம் அவர்களுக்கு ஜூரி விசாரணை உரிமையைத் தந்திருக்கிறது.

ஜூரி என்பவர்கள் யார்? சட்டம் படித்தவர்கள் அல்ல. கடைக்காரர், ஓட்டுநர், ஆசிரியை என்று நம்மைப் போன்ற பொதுமக்கள்தான். சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீதிபதி அவர்களுக்கு விளக்குவார். அவர்கள் சாட்சிகளைக் கேட்டு, தனி அறையில் கூடிப் பேசி, "குற்றவாளி" அல்லது "குற்றவாளி அல்ல" என்று முடிவு சொல்வார்கள். குற்றவாளி என்று சொல்ல எல்லோரும் ஒரே மனதாக இருக்க வேண்டும். ஒருவருக்குச் சந்தேகம் இருந்தாலும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் முடிவே எட்டாமல் போனால், வழக்கு மறுபடியும் முதலிலிருந்து நடக்கலாம்.

அப்படியானால் ஜூரிதானே நல்லது என்கிறீர்களா? பொறுங்கள்! ஊரே கோபமாக இருக்கும் வழக்கு என்றால், அந்தக் கோபம் ஜூரிகளின் மனத்திலும் இருக்கலாம். கணக்கு வழக்குகள் நிறைந்த சிக்கலான வழக்கைப் புரிந்துகொள்வதும் அவர்களுக்குக் கடினம். பல வழக்குகளைப் பார்த்துப் பழகியவர் நீதிபதி. ஆனால் அவர் ஒருவர்தான்! அவர் நம்பாவிட்டால், மாற்றுக் கருத்துச் சொல்ல வேறு ஆள் இல்லை.

இந்த உரிமையை "எனக்கு வேண்டாம்" என்று விட்டுக்கொடுக்க முடியுமா? இதற்கு விடை சொன்னது பேட்டன் வழக்கு.

1927ஆம் ஆண்டு. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலம். மதுவிலக்கு அதிகாரிக்கு லஞ்சம் கொடுக்கச் சதி செய்ததாக மூன்று பேர் மீது வழக்கு. பன்னிரண்டு ஜூரிகளுடன் விசாரணை தொடங்கியது. ஒரு வாரம் கழித்து ஜூரி ஒருவருக்கு உடல்நலம் கெட்டது. வழக்கை நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். அல்லது பதினொரு பேருடன் தொடரலாம். இரு தரப்பும் "தொடரலாம்" என்று ஒப்புக்கொண்டன.

தீர்ப்பு வந்தது. மூவரும் குற்றவாளிகள்! சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. உடனே அவர்கள், "பன்னிரண்டு பேர் வேண்டும் என்பது அரசியல் சட்டம். அதை விட்டுக்கொடுக்க எங்களுக்கே அதிகாரம் இல்லை" என்று மேல்முறையீடு செய்தார்கள்.

1930இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. "இந்த உரிமை குற்றம் சாட்டப்பட்டவரின் பாதுகாப்புக்காக இருப்பது. ஒரு ஜூரியை மட்டுமல்ல, ஜூரி முழுவதையுமே அவர் வேண்டாம் என்று சொல்லலாம்" என்பதுதான் தீர்ப்பின் சாரம். ஆனால் அவர் விஷயத்தை நன்றாகப் புரிந்துகொண்டு, வெளிப்படையாகச் சம்மதிக்க வேண்டும். அரசு வழக்கறிஞரும் நீதிமன்றமும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1965இல் சிங்கர் என்பவரின் வழக்கிலும் இதே கேள்வி எழுந்தது. அவர் நீதிபதியே போதும் என்றார். அரசுத் தரப்பு மறுத்தது. அரசுத் தரப்பின் சம்மதம் தேவை என்று கேட்பது சரியே என்றது உச்ச நீதிமன்றம். மத்திய அரசின் நீதிமன்றங்களில் இன்றும் இதுதான் விதி. சில மாநிலங்களில் மட்டும் குற்றம் சாட்டப்பட்டவரின் விருப்பமே போதும்.

நம் நாட்டிலும் ஆங்கிலேயர் காலத்தில் ஜூரி முறை இருந்தது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடம் தரப்படவில்லை. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இல்லை. இங்கே குற்ற வழக்குகளில் தீர்ப்புச் சொல்பவர் நீதிபதியே.

பேட்டன் வழக்கை மறந்துவிடாதீர்கள். "சரி" என்று சொல்வது ஒரு நொடி வேலை. எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்ட பிறகே அதைச் சொல்ல வேண்டும். தோற்ற பிறகு பேச்சை மாற்ற முடியாது!

சரி, அந்தக் கண்ணாடி வழக்கில் உங்களுக்கு யார் வேண்டும்? ஏன்? நண்பர்களோடு பேசிப் பாருங்கள்.