தேசிங்கு ஏன் சியோல் வரை போகவில்லை?

2025 ஜூலை 11 அன்று செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராட்டியரின் இராணுவ நிலப்பரப்புகள் என்று இந்திய அரசு முன்மொழிந்த 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். 1677இல் சிவாஜி இதைக் கைப்பற்றியதும், பிறகு அவர் மகன் ராஜாராம் இங்கிருந்தபடி முகலாயரின் நீண்ட முற்றுகையைத் தாங்கியதும் உண்மை. ஆனால் இந்த வட்டாரத்துச் சனங்கள் பாடுவது தேசிங்கைத்தான். செஞ்சியை ஆண்டு, 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட இளைஞன். அவனையும் அவனுடைய முஸ்லிம் நண்பனையும் கதைப்பாடல் மறக்கவிடவில்லை. 1960இல் எம்.ஜி.ஆர். நடித்து ‘ராஜா தேசிங்கு’ படமாகவும் வந்தது. ஆனால் அந்தக் கதை கடல் தாண்டவில்லை.

எந்தக் கதை கடல் தாண்டும் என்பதில் அரசுக்குப் பெரும் பங்கு உண்டு. தென் கொரியாவைப் பாருங்கள். ‘ஜுராசிக் பார்க்’ என்ற ஒரே படத்தின் வருமானம் 15 லட்சம் ஹூண்டாய் கார்களை விற்பதற்குச் சமம் என்று 1994இல் ஓர் ஆலோசனைக் குழு அதிபரிடம் அறிக்கை கொடுத்தது. 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பின் அந்தக் கணக்கு எல்லோருக்கும் உறைத்தது. அதிபர் கிம் டே-ஜங் ஆட்சியில் 1999இல் பண்பாட்டுத் தொழில்களுக்கென்றே சட்டம் வந்தது; 2001இல் தனி அமைப்பும் வந்தது. திரையரங்குகள் ஆண்டுக்கு 146 நாள் உள்நாட்டுப் படம் ஓட்ட வேண்டும் என்ற விதி அதற்கு முன்பே இருந்தது. 2006இல்தான் அது 73 நாளாகக் குறைந்தது. பாட்டும் ஆட்டமும் தனியார் நிறுவனங்களின் உழைப்பு. அரசு போட்டது பாதையை.

உதவி செய், தலையிடாதே என்பதே கிம் டே-ஜங்கின் நெறி. சட்டத்தையும் பணத்தையும்விட இதையே நான் பெரிதாக நினைக்கிறேன். பின்னாளில் வந்த அதிபர் பார்க் குன்-ஹேயின் ஆட்சி அதை மீறி, ஆயிரக்கணக்கான கலைஞர்களைக் கறுப்புப் பட்டியலில் வைத்தது. அதில் இருந்தவர்களில் ஒருவர் இயக்குநர் போங் ஜூன்-ஹோ. 2020இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்ற ‘பாரசைட்’ அவருடையது.

நம்மிடமும் கொள்கை உண்டு. 2006இல் தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு கிடைத்தது. சுவரொட்டியில் தமிழ் பெருகியது. படம் வெளிநாட்டு ரசிகரிடம் போய்ச் சேர அது வழி செய்யவில்லை.

இப்போது செஞ்சிக்கு உலகின் பார்வை கிடைத்திருக்கிறது. கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்தில், தேசிங்கு கதையை ஆடும் தெருக்கூத்துக்கு நிலையான மேடை வேண்டும். ஆட்டத்தை முழுதாகப் பதிவுசெய்து பல மொழி வசனவரிகளோடு இணையத்தில் ஏற்ற வேண்டும். கூத்து வாத்தியாருக்கு முழு இரவுக்கான சம்பளத்தை அரசு கொடுக்கட்டும். எதைப் பாடுவது என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.