விரல் நுனியில் ஓடும் ரத்தம்

பயோமெடிக்கல் மாணவர்களுக்கு உடலியங்கியல் எடுக்கும்போது முதலில் நான் கையில் கொடுப்பது, விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரைத்தான். அதற்குள் இரண்டு சிறு விளக்குகள்: 660 நானோமீட்டர் சிவப்பு, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பொளியைக் குறைவாகவே உறிஞ்சும். ஆக்ஸிஜனை இறக்கிவிட்டது நிறைய உறிஞ்சும்.

சரி, தோலும் எலும்பும் சிரை ரத்தமும்கூட ஒளியை மறிக்குமே? மறிக்கும், ஆனால் அந்த அளவு அநேகமாக மாறாது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி இறங்குவது தமனி ரத்தம்தான். ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி, வேறொரு அளவீட்டுக்கு இடைஞ்சலாயிருந்த இந்தத் துடிப்பையே 1970களின் தொடக்கத்தில் பிடித்துக்கொண்டார். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கண்டுபிடிப்பு இது.

விரல் சில்லிட்டிருந்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கிக் கருவி தடுமாறும். கறுத்த தோலில் சில சமயம் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். அதை நம் பிள்ளைகள்தான் சரிசெய்ய வேண்டும்.