படிக்கட்டு மின்தூக்கியைப் பேணுவதும் முதியோரைப் பேணுவதே

கொழும்பிலும் அதனை அண்டிய நகரங்களிலும் காணி விலை உயர உயர, வீடுகளும் மேல்நோக்கியே வளர்ந்துள்ளன. சில பேர்ச்சஸ் நிலத்தில் இரண்டு மூன்று மாடிகளை எழுப்பி, கீழ்த்தளத்தைக் கடைக்கோ வாடகைக்கோ கொடுத்துவிட்டு மேல்தளத்தில் வாழும் குடும்பங்கள் பல. அவ்வீடுகளைக் கட்டிய கைகள் இன்று தளர்ந்துவிட்டன. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, நாட்டின் சனத்தொகையில் 12.4 சதவீதமானோர் அறுபது வயதைக் கடந்தவர்களாவர். அவ்விகிதம் அதன் பின்னர் மேலும் உயர்ந்துள்ளது. முழங்கால் தேய்வினாலோ பாரிசவாதத்தினாலோ பாதிக்கப்பட்ட ஒருவருக்குப் பதினைந்து படிகளே கடக்கவியலாத மதிலாகிவிடுகின்றன. கோயிலுக்குச் செல்வதும், ஜும்ஆத் தொழுகைக்குச் செல்வதும், வாசலில் அமர்ந்து அயலவருடன் உரையாடுவதும் அவருக்கு அத்தோடு நின்றுபோகின்றன.

இம்மதிலைத் தகர்ப்பதற்கென வந்ததே படிக்கட்டு மின்தூக்கி. படிகளின் ஓரமாகப் பொருத்தப்பட்ட தண்டவாளத்தில் மெதுவாக ஏறியிறங்கும் நாற்காலி இது. 1920களில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த கிரிஸ்பென் என்பவர், நோயுற்றிருந்த தமது நண்பருக்காக இத்தகைய சாதனமொன்றை உருவாக்கினார். எமது நாட்டில் இது இன்னும் அரிதானதே. பெரும் பணம் செலவிட்டு, பல வீடுகளில் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் உதவியுடன், வாங்கப்படுவது. ஆயினும் வாங்கும்போது காட்டப்படும் அக்கறை அதனைப் பேணுவதில் காட்டப்படுவதில்லை என்பதே வருந்தத்தக்கது.

பராமரிப்பைப் புரிந்துகொள்வதற்கு, அது இயங்கும் விதத்தை முதலில் அறிதல் வேண்டும். தண்டவாளத்தில் பற்கள் வெட்டப்பட்ட நீண்ட உலோகப் பட்டையொன்று இருக்கும். நாற்காலியின் அடியிலுள்ள மோட்டார், ஒரு பற்சக்கரத்தை அப்பற்களின் மீது சுழற்றி நாற்காலியை நகர்த்துகின்றது. தற்கால மாதிரிகளில் பெரும்பாலானவை வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இயங்குவதில்லை. நாற்காலிக்குள் உள்ள இரண்டு 12 வோல்ற் பற்றரிகளே அதனை இயக்குகின்றன. வீட்டு மின்சாரம் அப்பற்றரிகளுக்கு மின்னேற்ற மட்டுமே பயன்படுகின்றது. மின்தடையின்போதும் நாற்காலி சில தடவைகள் ஏறியிறங்குவது இதனாலேயே.

ஆகவே, கவனிக்க வேண்டிய முதல் உறுப்பு பற்றரியாகும். பெரும்பாலான மாதிரிகளில் தண்டவாளத்தின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மட்டுமே மின்னேற்றும் இடங்கள் உள்ளன. நாற்காலியைப் படிக்கட்டின் நடுவில் நிறுத்திவிட்டால் பற்றரி மெல்ல மெல்ல வடிந்துவிடும். அப்போது எழும் 'பீப்' ஒலி தொந்தரவு அன்று, எச்சரிக்கை. ஊருக்குச் செல்லும் குடும்பத்தினர் மின்சாரச் சிக்கனம் கருதி சுவரிலுள்ள ஆளியை நிறுத்திவிட்டுச் செல்வதுண்டு. வாரக்கணக்கில் வெறுமையாகக் கிடக்கும் ஈயஅமிலப் பற்றரி மீண்டும் முழுமையாக மின்னேறாது. அந்த ஆளி எப்போதும் இயங்கும் நிலையிலேயே இருத்தல் வேண்டும்.

எமது காலநிலையையும் கருத்திற்கொள்ளல் அவசியம். குளிர்நாடுகளில் இப்பற்றரிகள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை உழைக்கக்கூடும். வெப்பநிலை பத்துப் பாகை செல்சியஸ் உயருமாயின் ஈயஅமிலப் பற்றரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொறியியலாளர் அறிந்த பொதுவிதி. எனவே இங்கு அதனை விட முன்னரே மாற்ற நேரிடலாம். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலானதை நாம் மறக்கவில்லை. அத்தகைய வேளைகளில் அநாவசியப் பயணங்களைத் தவிர்த்து, நாற்காலியை மின்னேற்றும் முனையிலேயே நிறுத்தி வைத்தால், மின்சாரம் திரும்பியவுடன் பற்றரி தானாகவே மின்னேறத் தொடங்கும். பற்றரிகளை மாற்றும்போது இரண்டையும் ஒருங்கே மாற்ற வேண்டும். பழையதொன்றுடன் புதியதை இணைத்தால் புதியதும் விரைவில் கெடும்.

அடுத்தது தண்டவாளம். வாரமொரு முறை உலர்ந்த துணியால் அதனைத் துடைத்தால் போதுமானது. படிகளைக் கழுவும்போது வாளித் தண்ணீரை ஊற்றுதல் கூடாது. கீச்சொலி கேட்டவுடன் தேங்காயெண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ பூசுவது பெருந்தவறு. அது தூசியைத் திரட்டிப் பற்களிடையே பசையாக இறுகும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட கிறீஸை, குறிப்பிட்ட அளவில், தொழில்நுட்பவியலாளரே இடுதல் நன்று. கடலோர வீடுகளில் உப்புக்காற்றினால் கறள் பிடிக்கின்றதா என்பதையும், மின்னிணைப்புகளுக்குள் எறும்போ பல்லியோ குடியேறியுள்ளதா என்பதையும் அவதானிக்க வேண்டும். தண்டவாளம் பெரும்பாலும் சுவரிலன்றிப் படிகளிலேயே பொருத்தப்படுவதால், மரப்படியில் கறையான் அரித்தாலும் ஓட்டுப்படியில் திருகாணி தளர்ந்தாலும் ஆபத்து நேரிடும்.

நாற்காலி அசைய மறுத்தால் உடனே கலவரமடைய வேண்டியதில்லை. சுழலும் இருக்கை தன்னிடத்துக்குத் திரும்பிப் பூட்டிக்கொள்ளாமை, கைப்பிடி மடிந்திருத்தல், சாவி 'நிறுத்தம்' நிலையில் இருத்தல், ரிமோட்டின் சிறு பற்றரி தீர்ந்திருத்தல் ஆகியனவும் இதற்குக் காரணமாகலாம். கால்வைக்கும் பலகையின் ஓரங்களில் உணரிகள் உண்டு. படியில் செருப்போ விளையாட்டுப் பொருளோ தட்டுப்பட்டால் அவை நாற்காலியை நிறுத்திவிடும். எவரும் அமராத வேளையில், வாரமொரு முறை வெற்று அட்டைப்பெட்டியொன்றைப் படியில் வைத்து இதனைப் பரீட்சித்துப் பார்க்கலாம். நாற்காலி நிற்கவில்லையெனில், பழுது நீக்கும்வரை எவரும் அதில் அமரக்கூடாது. குறிப்பிட்ட எடையளவை மீறுவதும், அரிசி மூட்டையையோ எரிவாயு சிலிண்டரையோ அதில் ஏற்றுவதும், சிறுவர்கள் அதனைக் விளையாட்டுப் பொருளாகக் கொள்வதும் மோட்டாரையும் பற்களையும் தேய்த்துவிடும்.

ஆண்டுக்கொரு முறையேனும் பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளர் ஒருவர் தடுப்பான்களையும் மின்னிணைப்புகளையும் பரிசோதித்தல் வேண்டும். எனவே வாங்குமுன்னரே, உதிரிப்பாகங்கள் இந்நாட்டில் கிடைக்குமா, திருத்துவதற்கு ஆள் உண்டா என வினவுதல் விவேகமாகும். கனடாவிலுள்ள உறவினர் அனுப்பும் சாதனம் அங்குள்ள 120 வோல்ற் மின்சாரத்துக்கென அமைந்ததாயின், அதன் மின்னேற்றி எமது 230 வோல்ற்றைத் தாங்குமா எனப் பார்க்க வேண்டும். வளைவான படிகளுக்கான தண்டவாளம் அந்தந்தப் படிக்கட்டின் அளவுக்கே வடிக்கப்படுவதால், பிறிதொரு வீட்டுக்கு அது பொருந்தாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் அணுகுவதற்கான வசதிகள் தொடர்பில் 2006இல் வெளியான ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களையே கருத்திற்கொண்டவை. வீட்டினுள் நிலவும் தடைகளுக்குக் குடும்பமே பொறுப்பு. நாற்காலி பழுதாகிக் கிடக்கும் ஒவ்வொரு வாரமும் மேல்மாடியில் ஒருவர் சிறைப்பட்டிருக்கின்றார். தாம் பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடக்கூடாது என எண்ணும் பெற்றோர், அதுபற்றி முறையிடவும் மாட்டார்கள். வாரத்தில் பத்து நிமிடங்களை ஒரு துணிக்கும் ஓர் அட்டைப்பெட்டிக்கும் ஒதுக்குவது, அவர்கள் கேளாமலேயே நாம் ஆற்றக்கூடிய கடமையாகும்.