குட்டையில் எந்த மீனைப் பிடிப்பது, எதை விடுவது?

குட்டை நிறைய மீன் துள்ளுகிறது. வலை வீசினால் கூடை நிறைகிறது. ஆனால் கூடையில் உள்ளதில் பத்தில் ஒன்றுகூடக் குழம்புக்கு ஆகாது. எல்லாம் விரல் நீளம்; தலை பெருத்து, உடல் வற்றிக் கிடக்கும். தவிடு, பிண்ணாக்கு போட்டாலும் எடை ஏறுவதில்லை. ஜிலேபிக் கெண்டை புகுந்த குட்டையை வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இந்த நிலை நன்கு தெரியும்.

இதே தொல்லை 1930-களில் அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநில விவசாயிகளுக்கும் இருந்தது. அங்கு மீன் வேறு, குறை ஒன்றுதான். அந்தக் குறையை அவர்கள் தீர்த்துக்கொண்ட விதம் சற்று விசித்திரமானது. மருந்து போட்டல்ல, தூண்டில் போட்டு. எந்த மீனை, எந்த அளவில், எத்தனை கிலோ தூண்டிலில் எடுப்பது என்பதை அங்கு களை எடுப்பது போன்ற ஒரு பண்ணை வேலையாகவே கற்றுக் கொடுத்தார்கள்.

பருத்தி நிலங்களில் மண் அரித்து ஓடுவதைத் தடுக்கவும், மாடுகளுக்குத் தண்ணீர் தேக்கவும் அங்கு ஆயிரக்கணக்கான பண்ணைக் குட்டைகள் வெட்டப்பட்டன. குட்டையில் மீன் விட்டால் வீட்டுக்குக் கறியும் கிடைக்குமே என்று பலர் மீன் விட்டனர். ஓரிரு ஆண்டுகளில் குட்டை குட்டி மீன்களால் நிரம்பிப் பயனற்றுப் போயிற்று. ஆபர்ன் நகரிலுள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சியியல் துறையில் பணியாற்றிய ஹோமர் ஸ்விங்கிள் என்பவர் இதை ஆராயத் தொடங்கினார். குட்டைகளை வெட்டி, மீன் விட்டு, பிறகு தண்ணீரை முழுவதும் வடித்து, உள்ளே இருந்த மீன்களை எல்லாம் எண்ணி, நிறுத்துப் பார்ப்பதே அவர் முறை. கடினமான வேலைதான், ஆனால் குட்டையின் கணக்கு வேறு எந்த வழியிலும் சரியாகப் புலப்படாது. 1942-ல் இ.வி. ஸ்மித் என்பவருடன் சேர்ந்து விவசாயிகளுக்கான பண்ணைக்குட்டைக் கையேடு ஒன்றையும் அவர் வெளியிட்டார்.

இரண்டே மீன்

அந்தக் குட்டைகளில் முக்கியமாக இரண்டு மீன்களே உண்டு. ஒன்று புளூகில், உள்ளங்கை அகலமுள்ள தட்டை மீன். பூச்சி, புழு, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் ஆகியவற்றைத் தின்னும். கோடை முழுவதும் திரும்பத் திரும்ப முட்டையிடும். மற்றது பெருவாய் பாஸ். பெயருக்கேற்ப வாய் அகன்ற கொன்றுண்ணி மீன். இது ஆண்டுக்கு ஒருமுறை, இளவேனிலில் மட்டுமே முட்டையிடும். ஆண் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் காக்கும்.

புளூகில் பெருகும், பாஸ் அதைத் தின்று குறைக்கும். தப்பிய புளூகில்களுக்கு இரை தாராளமாகக் கிடைத்து அவை பெரிதாகும். இதுதான் ஏற்பாடு. உரமிடாத குட்டையில் ஏக்கருக்கு 500 புளூகில் குஞ்சும் 50 பாஸ் குஞ்சும், உரமிட்ட குட்டையில் 1,000-மும் 100-மும் விடுவது அங்கு நீண்டகால வழக்கம். புளூகில்லை முதலில் விட்டு, பல மாதம் கழித்து, அது குஞ்சு பொரிக்கும் சமயத்தில் பாஸ் குஞ்சை விடுவார்கள். முதலில் விட்ட புளூகில்லை விழுங்க முடியாதபடி பாஸ் அப்போது சிறியதாக இருக்கும்; புதிதாகப் பொரிந்த குஞ்சுகள் அதற்கு இரையாகும்.

பாஸ் ஒரு கிலோ எடை கூடுவதற்குச் சுமார் பத்து கிலோ இரைமீன் தின்ன வேண்டும் என்பது அங்கு பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நல்ல நிலையிலுள்ள குட்டையில் இரைமீன்களின் மொத்த எடை, கொன்றுண்ணி மீன்களின் எடையைப்போல் மூன்று முதல் ஆறு மடங்கு வரை இருக்க வேண்டும் என்று ஸ்விங்கிள் 1950-ல் கூறினார்.

கெடுவது எப்படி?

இங்குதான் தூண்டில் வருகிறது. தூண்டில் போடுகிறவருக்குப் பெரிய மீன் மேல்தான் ஆசை. பாஸை எடுத்துக்கொண்டு, சிறிய புளூகில்லைத் தண்ணீரிலேயே எறிந்துவிடுவார். பாஸ் குறையக் குறையப் புளூகில் பெருகும். மூன்று நான்கு அங்குலத்தோடு வளர்ச்சி நின்றுவிடும். அந்த அளவில் அது எஞ்சிய சிறு பாஸின் வாய்க்குப் பெரிது; மனிதனின் வாணலிக்குச் சிறிது. அத்தோடு நிற்பதில்லை. பசித்த புளூகில் கூட்டம் பாஸின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடுவதால் புதிய பாஸ் தலையெடுப்பதே இல்லை. குட்டை தானாகத் திருந்தாத நிலைக்குப் போய்விடும்.

மாறாக, பாஸைப் பிடிக்காமலே விட்டாலும் கேடுதான். அப்போது பாஸ் கூட்டம் பெருகி, இரை போதாமல், பத்துப் பன்னிரண்டு அங்குலத்தில் மெலிந்து நின்றுவிடும். அப்படிப்பட்ட குட்டையில் எண்ணிக்கையில் சிலவான புளூகில் மட்டும் கொழுத்திருக்கும்.

ஆகவே உரமிட்ட குட்டையில் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 9 முதல் 11 கிலோ வரை பாஸ் எடுக்கலாம், ஒவ்வொரு கிலோ பாஸுக்கும் நான்கு கிலோ புளூகில்லையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது போன்ற கணக்கு அங்கு வழங்கி வருகிறது. உரமிடாத குட்டைக்கு இதில் பாதி. புதுக் குட்டையில் பாஸ் ஒருமுறை முட்டையிட்டு முடியும்வரை அதைத் தொடவே கூடாது. பிடிபட்ட மீனின் எண்ணிக்கை, நீளம், எடை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பார்கள்.

ஐந்து இரைத் தூண்டில்

ஒரு நரம்பில் ஒரு முள் என்பது பழைய வழக்கம். ஒரே நரம்பில் பல பொய் இரைகளைக் கட்டி வீசும் முறைகளும் உண்டு. இவற்றில் மிகவும் பேசப்பட்டது அலபாமா ரிக். ஈயத்தில் வார்த்த மீன்தலை போன்ற ஒரு குண்டு. அதன் பின்புறத்திலிருந்து குடைக்கம்பிகள் போல் விரியும் ஐந்து கம்பிகள். ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் சுழலும் கொக்கியில் ரப்பர் போன்ற மென்மையான ஒரு பொய் மீன். கடலில் படகின் பின்னால் இழுக்கும் குடைத் தூண்டிலைச் சிறிதாக்கி, கையால் வீசும்படி ஆண்டி பாஸ் என்பவர் இதை உருவாக்கினார். அவர் பெயரும் மீனின் பெயரும் காதுக்கு ஒன்றுபோல் இருப்பது தற்செயல்தான். 2011 அக்டோபரில் அலபாமாவின் கண்டர்ஸ்வில் நீர்த்தேக்கத்தில் நடந்த பெரிய போட்டியில் பால் எலியாஸ் இதைக் கொண்டு வெற்றி பெற்ற பிறகு நாடெங்கும் இதற்குக் கிராக்கி ஏற்பட்டது.

இது வேலை செய்வதன் காரணம் எளிது. குளிர் மாதங்களில் சிறு மீன்கள் கூட்டமாகத் திறந்த நீரில் திரியும். பாஸ் அக்கூட்டத்தைத் தொடரும். ஒற்றை இரையை ஐயத்தோடு பார்த்து ஒதுங்கும் பாஸ், ஐந்து மீன் சேர்ந்து நீந்துவதைக் கண்டால் கூட்டம் என்றே நம்புகிறது. பல பாஸ் சேர்ந்து துரத்தும்போது ஒன்றையொன்று முந்திக்கொண்டு கவ்வும். சில வேளைகளில் ஒரே வீச்சில் இரண்டு மூன்று மீன்கூட ஏறும். வெட்டி வெட்டி இழுக்காமல், ஒரே சீராகச் சுற்றி இழுப்பதே முறை. கனமான பொருளாகையால் தடித்த கோலும் தடித்த நரம்பும் தேவை. பாசி, தாமரை மண்டிய இடத்தில் வீசினால் மீனுக்குப் பதில் கொடியைத்தான் இழுக்க நேரிடும்.

இதன் பலத்தைக் கண்டு அஞ்சியவர்களும் உண்டு. பாஸ்மாஸ்டர் அமைப்பு 2012-ல் தன் முதல்தரப் போட்டிகளில் இதைத் தடை செய்தது. டென்னசி போன்ற சில மாநிலங்கள் ஒரு தூண்டிலில் இருக்கக்கூடிய முட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தன. ஐந்து பொய் மீன் கட்டினாலும் சிலவற்றில் முள் இல்லாமல் விடுவது அத்தகைய இடங்களில் வழக்கமாயிற்று.

பல ஆயிரம் ஏக்கர் நீர்த்தேக்கத்துக்கே இப்படி என்றால், நூறு பாஸ் உள்ள ஒரு ஏக்கர் குட்டையின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. தூண்டிலையே கண்டறியாத புதுக் குட்டை பாஸ் மிக எளிதில் ஏமாறும். விருந்தாளிகள் இருவர் ஒரு விடுமுறை நாளில் இத்தகைய தூண்டிலோடு இறங்கினால் ஆண்டுக் கணக்கு அன்றைக்கே முடிந்துவிடக்கூடும். பிடித்துத் திரும்ப விட்டாலும் போதாது. ஒரு முள்ளில் மாட்டிய மீன் துடிக்கும்போது மற்ற முட்கள் கண்ணிலும் உடலிலும் தைக்கும். அதேசமயம், மெலிந்த பாஸ் நிறைந்த குட்டையில் பத்து அங்குல மீன்களை விரைவாகக் கழிக்க இரண்டு மூன்று சிறிய இரை கட்டிய தூண்டில் கைகண்ட சாதனமாகும். கருவியில் குற்றமில்லை, எந்தக் குட்டையில் போடுகிறோம் என்பதை முன்னதாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கரையோர வலைச் சோதனை

அதைத் தெரிந்துகொள்ள ஸ்விங்கிள் ஒரு எளிய சோதனை வகுத்தார். கோடைத் தொடக்கத்தில், நெருங்கிய கண்ணுள்ள சிறு வலையால் கரையோரமாகச் சில இடங்களில் அரித்துப் பார்க்க வேண்டும். அப்போதுதான் பொரிந்த புளூகில் குஞ்சு ஏராளமாகவும், பாஸ் குஞ்சு சிலவும், நடுத்தரப் புளூகில் குறைவாகவும் வந்தால் குட்டை நல்ல நிலையில் இருக்கிறது. மூன்று முதல் ஐந்து அங்குலப் புளூகில் குவிந்து, பாஸ் குஞ்சே இல்லை என்றால் பாஸைப் பிடிப்பதை உடனே நிறுத்த வேண்டும். பாஸ் குஞ்சு இருந்து, புளூகில் குஞ்சு அருகியிருந்தால் பாஸ் மிகுந்துவிட்டது என்று பொருள்.

ஜிலேபிக் குட்டைக்கு

பாஸ் மீனைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர யாரும் எண்ண வேண்டாம். 1925-ல் ஜப்பானில் விடப்பட்ட இம்மீன் அங்கு நாட்டு மீன்களை அழித்து, 2005-ல் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தும் நிலைக்குக் கொண்டுவந்தது. பாஸின் வேலையைச் செய்ய இங்கு விரால் இருக்கிறது.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை தேங்கிய குட்டை நீரில் இனப்பெருக்கம் செய்வதில்லை. விட்ட குஞ்சு மட்டுமே வளரும். அங்கு விரால் நுழைந்தால் முழுக்க நஷ்டம். ஆனால் 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபியின் கதை வேறு. இரண்டு மூன்று மாத வயதிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும்; தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காப்பதால் சேதமும் குறைவு. ஆக, ஜிலேபி இங்கே புளூகில். அதைக் குறைக்க விரால் உதவும்.

கொசுவலைத் துணியை இருவர் பிடித்துக் கரையோரம் அரித்துப் பார்த்தாலே நிலை புரிந்துவிடும். விரல் நீள ஜிலேபி மட்டுமே குவிந்தால், முதலில் வலையிட்டு இயன்ற அளவு அவற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு, எஞ்சிய பெரிய ஜிலேபியை விழுங்க முடியாத அளவிலுள்ள விரால் குஞ்சுகளைக் குறைந்த எண்ணிக்கையில் விட வேண்டும். எத்தனை என்பதைக் குட்டையின் பரப்பையும் நிலையையும் சொல்லி மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. விரால் மழை இரவில் கரையேறி நழுவிவிடும் குணமுடையது. ஆகவே கரையைச் சுற்றி வலைத்தடுப்பு கட்டாயம். கட்லா, ரோகு குஞ்சு விடும் எண்ணமுள்ள குட்டையில் இதைச் செய்யக் கூடாது.

விராலுக்கு நல்ல விலை உண்டு என்பதால் அதை மட்டும் பிடித்து விற்கும் ஆசை எழும். அலபாமா விவசாயி செய்த தவறு அதுவே. ஜிலேபியையும் உடன் எடுத்துவர வேண்டும். சிவந்த குஞ்சுக் கூட்டத்தோடு திரியும் விரால், பாஸைப் போலவே, அருகில் வரும் எதன் மேலும் பாயும். தூண்டிலுக்கு மிக எளிதில் சிக்கும். அந்தச் சமயத்தில் பெற்ற மீனைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளை ஜிலேபி காலி செய்துவிடும். அவை சிதறிப் பிரியும்வரை விட்டு வைக்க வேண்டும்.

விரால் மிகுந்துவிட்டால் பல முள் கயிறு உதவும். கரைக்குக் கரை ஒரு தலைக்கயிறு கட்டி, அதில் இடைவெளி விட்டுக் கிளை நரம்புகள் தொங்கவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு முள்ளும் உயிருள்ள சிறு ஜிலேபியும் மாட்டி மாலையில் போடலாம். கிளை நரம்பின் நீளம் இரண்டு கிளைகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியில் பாதிக்கும் குறைவாக இருந்தால் சிக்கல் விழாது. சொந்தக் குட்டைக்கு மட்டுமே இது பொருந்தும். ஏரி, கண்மாய்களில் மீன் பாசி குத்தகை எடுத்தவருக்கே பிடிக்கும் உரிமை உண்டு. விடிந்ததும் கயிற்றைப் பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் மாட்டிய மீன் செத்து விலை போகாது. ஆமை மாட்டியிருந்தால் நரம்பை வெட்டி, முள்ளைக் குறடால் மெதுவாகக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். வனவிலங்குச் சட்டப்படி அதைப் பிடித்து வைப்பது குற்றமாகும்.