சொல்லாமல் கொள்ளாமல் குடியேறும் ‘டூல்பார்’! வீட்டுக் கம்ப்யூட்டரை விட்டு விரட்டுவது எப்படி?

சுருளிப்பட்டி:-

பூட்டு உடைபடவில்லை. ஜன்னல் கம்பி வளையவில்லை. ஆனாலும் அன்னிய ஆசாமி உள்ளே புகுந்து, நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விடுகிறான். அவன் பெயர் ‘டூல்பார்’. அவன் புகும் இடம் வீட்டுக் கம்ப்யூட்டர்!

கம்பத்தில் இருந்து சுருளி அருவிக்குப் போகும் வழியில் இருக்கிறது சுருளிப்பட்டி. திராட்சைக்குப் பெயர் போன ஊர். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இது போன்ற ஊர்களில் பல வீடுகளுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர், 2011-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கி வந்ததுதான். பிள்ளை வேலைக்கு வெளியூர் போனாலும் லேப்டாப் வீட்டில் இருக்கும். பட்டா பார்க்க, கரண்டு பில் கட்ட, பரீட்சை ரிசல்ட் பார்க்க அதைத்தான் திறப்பார்கள்.

திறந்தால் பிரவுசரின் மேலே புதிதாக ஒரு பட்டை. முதல் பக்கம் மாறிக் கிடக்கும். திராட்சைக்கு என்ன மருந்து அடிக்கலாம் என்று தேடினால், ஊர் பேர் தெரியாத கம்பெனி விளம்பரமாக வந்து கொட்டும்.

“நான் ஒண்ணும் பண்ணலைங்க. தானா வந்து ஒட்டிக்கிடுச்சு!”

இப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் துப்புத் துலக்கினால், கதவைத் திறந்து விட்டவர் வீட்டுக்காரரே என்பது தெரிய வரும்.

புகுந்த வழி

வீடியோ பார்க்க, பாட்டு கேட்க இலவச மென்பொருள் ஒன்றை இறக்குகிறோம். ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’ என்று தட்டிக் கொண்டே போகிறோம். நடுவில் ஒரு கட்டத்தில், “இந்த டூல்பாரையும் சேர்த்துக் கொள்ளலாமா?” என்று பொடி எழுத்தில் கேட்டிருப்பார்கள். சம்மதம் என்ற டிக்கை அவர்களே போட்டும் வைத்திருப்பார்கள். நாம் படிக்காமல் கையெழுத்துப் போட்ட கதைதான்.

பெரிய இடத்திலும் இந்த வேலை நடந்தது. ஆரக்கிள் கம்பெனியின் ‘ஜாவா’ மென்பொருளுடன் ‘ஆஸ்க் டூல்பார்’ பல ஆண்டுகள் சேர்ந்தே வந்தது. ஜாவா உள்ளே போனதும் அது உடனே தலை காட்டாது. சுமார் 10 நிமிடம் பதுங்கி இருந்து, ஆள் அசந்த பிறகு குடியேறும். இந்தத் தந்திரம் 2013-ல் அம்பலமானது. 2015-ல் ஆஸ்க் டூல்பாரின் பழைய ரகங்களை ‘வேண்டாத மென்பொருள்’ என்று மைக்ரோசாப்ட் முத்திரை குத்தியது.

வரும்படி என்ன?

இது வெறும் விளையாட்டு அல்ல, வியாபாரம். நாம் தேடும் ஒவ்வொரு தேடலையும் தங்கள் கடை வழியாகத் திருப்பி விட்டு, விளம்பரக் காசை அள்ளுகிறார்கள். எதைத் தேடினோம், எங்கே போனோம் என்று குறிப்பும் எடுக்கிறார்கள்.

2017 ஜூனில் இஸ்ரேலைச் சேர்ந்த ‘செக் பாயிண்ட்’ என்ற பாதுகாப்புக் கம்பெனி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. ‘ஃபயர்பால்’ என்ற மென்பொருள் உலகம் முழுவதும் 25 கோடி கம்ப்யூட்டர்களில் புகுந்து விட்டது. அதிகமாகச் சிக்கிய நாடு இந்தியா, இங்கு மட்டும் 2 கோடியே 53 லட்சம் என்று அது கணக்குச் சொன்னது. கணக்கு மிகைப்படுத்தப்பட்டது என்று மைக்ரோசாப்ட் மறுத்தது. ஆனால் ஆபத்து உண்மைதான் என்று ஒப்புக் கொண்டது. பீஜிங்கில் உள்ள ‘ராஃபோடெக்’ கம்பெனிதான் இதன் பின்னணி என்று குற்றம் சாட்டப்பட்டது. அதே ஆண்டில் அந்தக் கம்பெனி ஆட்கள் சிலரைச் சீன போலீசார் கைது செய்தனர். ஃபயர்பால் புகுந்த வழி? அதே பழைய வழிதான். இலவச மென்பொருளோடு ஒட்டிக் கொண்டு வந்தது!

புது வேஷம்

டூல்பார்கள் செழித்து வளர்ந்த ‘இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்’ 2022-ல் ஓய்வு பெற்று விட்டது. ஆனால் ஆசாமி ஓய்வு பெறவில்லை. ‘எக்ஸ்டென்ஷன்’ என்ற பெயரில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் பிரவுசர்களில் வேஷம் மாறி உலாவுகிறான்.

விரட்டும் வழி

ஒரு கதவை மட்டும் அடைத்தால் மறு கதவு வழியாகத் திரும்பி விடுவான். எனவே வரிசையாகச் செய்ய வேண்டும்.

1. கண்ட்ரோல் பேனலில் புரோகிராம் பட்டியலைத் திறந்து தேதி வாரியாக அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளில் குடியேறிய அறியாத பெயர்களை ‘அன்இன்ஸ்டால்’ செய்யுங்கள். போகும்போது, “வைத்துக் கொள்ளலாமா?” என்று குழப்பிக் கேட்கும். நின்று படித்து பட்டனை அழுத்துங்கள். எதன் பெயராவது சந்தேகமாக இருந்தால், விவரம் தெரிந்தவரைக் கேட்டு விட்டு நீக்குங்கள்.

2. பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் பட்டியலைப் பார்த்து, நீங்கள் சேர்க்காததை நீக்குங்கள்.

3. செட்டிங்சில் முதல் பக்கத்தையும் தேடுபொறியையும் பழையபடி மாற்றுங்கள்.

4. திரையில் உள்ள பிரவுசர் ஐகானை வலது கிளிக் செய்து ‘பிராப்பர்டீஸ்’ பாருங்கள். ‘டார்கெட்’ வரியின் வாலில் ஏதாவது வெப்சைட் முகவரி ஒட்டிக் கொண்டிருந்தால் அதை மட்டும் அழியுங்கள். பலர் கோட்டை விடும் இடம் இதுதான்.

5. அப்படியும் போகவில்லையா? பிரவுசரை ‘ரீசெட்’ செய்யுங்கள். குரோமில் இதைச் செய்தால் புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் அழியாது.

6. விண்டோசுடன் வரும் டிஃபெண்டர் அல்லது ‘மால்வேர்பைட்ஸ்’ கம்பெனியின் இலவச ‘ஆட்வ்கிளீனர்’ கொண்டு ஒரு முறை சோதனை போடுங்கள். அதையும் அந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் இருந்தே இறக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த பின் பேங்க், ஈமெயில் பாஸ்வேர்டுகளை மாற்றி விடுவது நல்லது.

உஷார்! உஷார்!

“உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்! உடனே இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்” என்று திரையில் அலறினால், போனைத் தொடாதீர்கள். ஆள் வைத்துப் பணம் பறிக்கும் கூட்டம் அது. திருப்பி விடப்பட்ட தேடலில் பட்டா பார்க்கப் போனால் போலித் தளத்தில் போய் நிற்க நேரலாம். அரசு தளமா என்று முகவரியைப் பாருங்கள். தமிழக அரசுத் தளங்களின் முகவரி பெரும்பாலும் ‘டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்’ என்று முடியும். பணம் பறிபோனால் நேரம் கடத்தாமல் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

இனி மென்பொருள் ஏற்றும்போது ‘எக்ஸ்பிரஸ்’ வழியை விட்டு ‘கஸ்டம்’ வழியைத் தேர்ந்து, அவர்கள் போட்டு வைத்த டிக்குகளை எடுத்து விடுங்கள். பத்திரம் எழுதும்போது ஒரு வரி விடாமல் படிக்கிறோம். ‘நெக்ஸ்ட்’ பட்டனும் ஒரு கையெழுத்துதான்!