உள்நாட்டுக் கார்தான் வாங்க வேண்டுமா?

வாகனக் கடன் கேட்டு வருவோர் பலர், ‘நம் நாட்டுக் காரையே வாங்குவது நல்லதல்லவா?’ என வினவுகின்றனர். நிறுவனத்தின் பெயரை மட்டும் கொண்டு இதற்கு விடை காண இயலாது. 1983இல் இன்றைய குருகிராமில் உற்பத்தியைத் தொடங்கிய மாருதியின் பெரும்பான்மைப் பங்குகள் ஜப்பானின் சுசூகியிடம் உள்ளன. கொரிய நிறுவனமான ஹூண்டாயின் கார்களோ ஸ்ரீபெரும்புதூர் அருகே உருவாகின்றன. அங்கு உழைப்பவர்கள் நம்மவர்களே.

இங்கு உருவாகும் காருக்கு உதிரிபாகங்கள் எளிதில் கிடைக்கும். முழுமையாக இறக்குமதியாகும் காருக்குரிய உயர்ந்த சுங்கவரியும் இல்லை. ஆகவே, உள்நாட்டு உற்பத்திக்கு முன்னுரிமை தருவது முறையே. எனினும், அது பாதுகாப்புக்கு அடுத்ததாகவே இருக்கட்டும். 2023இல் தொடங்கப்பட்ட பாரத் என்கேப் திட்டத்தின் நட்சத்திர மதிப்பீட்டைப் பார்த்த பின்னரே கடன் விண்ணப்பத்தில் கையொப்பமிடுங்கள். அந்தக் காரில் அமரப்போவது உங்கள் குடும்பம் அல்லவா?