கணினியிலே கோப்புகளைத் தெரிந்தெடுத்தல்



மட்டக்களப்பு நகருக்கு வடக்கே கோறளைப்பற்று வடக்கில் அமைந்தது வாகரைப் பகுதி. 2004 டிசம்பர் 26ஆந் திகதியின் கடற்கோளாலும், 2006, 2007ஆம் ஆண்டுகளின் போரினாலும் அங்குள்ள மக்கள் வீடுவாசலை விட்டு ஓட நேர்ந்தது. அவ்வாறு ஓடுவோர் காணி உறுதியையும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் இழந்தால், தாம் இன்னார் என்றும், நிலம் தமதே என்றும் காட்டுவது பெரும்பாடாகிவிடும். இக்காலத்தில் இத்தகைய பத்திரங்களைப் படம்பிடித்துக் கணினியிலே சேமித்துவைக்கின்றோம். நல்ல வழக்கமே. ஆயினும், ஆயிரம் கோப்புகளுக்கிடையே வேண்டியதைக் கண்டெடுக்க இயலாவிடின், சேமித்ததனால் யாது பயன்?

கரைவலை இழுத்தவர்கள் மீன் பிரிப்பதைக் கண்டிருப்பீர்கள். வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கலாம். ஒரு பக்கத்திற் கிடப்பவற்றை ஒருசேர அள்ளலாம். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வேண்டாதவற்றை விலக்கலாம். கணினியிலும் இம்மூன்று வழிகள் உண்டு. விண்டோஸ் கணினியில் கொன்ட்ரோல் விசையை அழுத்தியவாறு சுட்டியினால் தட்டினால், தட்டிய கோப்புகள் மாத்திரம் தெரிவாகும். முதற் கோப்பைத் தட்டியபின், ஷிப்ட் விசையை அழுத்தியவாறு இறுதிக் கோப்பைத் தட்டினால், இடைப்பட்டவை அனைத்தும் தெரிவாகும். கொன்ட்ரோல் விசையுடன் ஆங்கில 'ஏ' எழுத்தை அழுத்தினால், அந்தக் கோப்புறையில் உள்ள யாவும் தெரிவாகும். பின்னர் கொன்ட்ரோல் விசையை அழுத்தியவாறு வேண்டாதவற்றைத் தட்டி விலக்கலாம்.

இவற்றுள் இரண்டாவது வழியே விரைவானது. ஆனால், இனமான கோப்புகள் அடுத்தடுத்து இருந்தாலன்றி அது பயன்படாது. அவற்றை அவ்வாறு நிறுத்துவது நாம் இடும் பெயரேயாகும். படக்கருவி தானாக இடும் இலக்கத்தை அப்படியே விட்டுவிட்டால் உறுதியும் திருமணப் படமும் ஒன்றாய்க் கலந்து கிடக்கும். '1978-06-12 காணி உறுதி மாங்கேணி' என ஆண்டு, மாதம், நாள் என்னும் முறையிலே பெயரிட்டால், கோப்புகள் கால வரிசையில் தாமே நிற்கும். நாளை முன்னே எழுதினால், வெவ்வேறு ஆண்டுகளின் முதலாந் திகதிகள் எல்லாம் ஓரிடத்திற் கூடிவிடும். 1988ஆம் ஆண்டில் வெளிவந்த சர்வதேசத் தர நிர்ணயமும் ஆண்டையே முதலில் எழுதச் சொல்கிறது.

பெயரைத் தமிழிலேயே எழுதுவது நன்று. வாகரை என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது, நடுவிலுள்ள 'க' ஒலிக்கு ஒருவர் ககர எழுத்தையும் மற்றொருவர் ஹகர எழுத்தையும் இடுவர். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. தமிழில் அதற்கு எழுத்து ஒன்றே. முன்னாளில் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டெழுதிய சொற்களைக் கணினி ஆங்கில எழுத்துக்களாகவே கொண்டது. ஆதலால் கோப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் இடுவது அரிதாயிருந்தது. 1991இல் வெளிவந்த யுனிகோட் முறை தமிழெழுத்துக்களுக்கென்று தனியிடம் வகுத்தது. இன்று தமிழ்ப் பெயரையே எழுதலாம். அதனைக் கொண்டே தேடலாம்.

இனி ஓர் எச்சரிக்கை. பலவற்றை ஒருங்கே தெரிவது எளிதாயின், பலவற்றை ஒருங்கே அழிப்பதும் எளிதே. அழிக்குமுன் எத்தனை கோப்புகள் தெரிவாகியுள்ளன என்பதைச் சாளரத்தின் அடியிலே பாருங்கள். நான்கை எண்ணியிருக்க நாற்பது என்றிருந்தால் கையை எடுத்துவிடுங்கள். கணினியில் அழித்தவை பொதுவாக மீள்சுழற்சித் தொட்டியிற் கிடக்கும், மீட்கலாம். ஷிப்ட் விசையை அழுத்தி அழித்தவையும், பென்ட்ரைவிலிருந்து அழித்தவையும் அங்கே செல்லா. ஆதலின் முக்கிய பத்திரங்களின் பிரதியொன்றை வேறொரு வட்டிலே, இயலுமாயின் வேறோர் ஊரிலுள்ள உறவினரிடம், வைத்திருத்தல் வேண்டும்.

ஒரு கோப்புக்குப் பெயரிட அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தைச் சேமிக்கும் வேளையிலேயே செலவிட்டால், பிரதேச செயலகத்தில் உறுதியைக் கேட்கும் நாளில், அதனைத் தயங்காது எடுத்துக் காட்டலாம்.